புதுப்பிப்பு: ஸ்ட்ரைக்கர் வகைக் கைத்துப்பாக்கியில் வெடிக்காத தோட்டாக்கள்

சில தோட்டாக்கள் பிரைமரில் (தோட்டாவின் அடியில் இருக்கும், அடிபட்டதும் தீப்பற்றும் சிறு மூடி) மெல்லிய குழி மட்டும் விழுந்து வெடிக்காமல் நின்றதைப் பற்றி முன்பு இங்கே கேட்டிருந்தேன். ஸ்ட்ரைக்கரை (பிரைமரை அடிக்கும் ஊசி போன்ற பாகம்) உந்தும் ஸ்பிரிங் தளர்ந்திருக்கும் என்றே பலரும் கருதினீர்கள். பழுதுபார்ப்பவர் ஸ்லைடின் (துப்பாக்கியின் மேலே முன்பின்னாக நகரும் பகுதி) பின்மூடியைக் கழற்றி ஸ்ட்ரைக்கரை உருவியபோது, எண்ணெயும் பித்தளைத் துகளும் கலந்த கரும்பசை அதன் முனையெங்கும் அப்பியிருந்தது. (முந்தைய உரிமையாளர் எண்ணெய் விடுவதில் தாராள மனத்தவர் போலும்.) ஸ்ட்ரைக்கர் தன் குழலுக்குள் ஓடி நேரே பிரைமரை அடிப்பதால், அங்கே சேரும் பசை அடியின் வேகத்தைக் குறைத்துவிடுகிறது. ஆகவே எண்ணெய் ஸ்லைடின் தடங்களுக்கு மட்டும் ஓரிரு சொட்டுப் போதும். ஸ்ட்ரைக்கர் குழல் உலர்ந்தே இருக்க வேண்டும்.

சுத்தம் செய்தபின் அதே வகைத் தோட்டாக்கள் தடையின்றி வெடித்தன. ஆயினும் துப்பாக்கி நம்பகமானது என்று இப்போதே சொல்லமாட்டேன். தோட்டா சரியாக ஏறாத கோளாறு பெரும்பாலும் மேகசினிலிருந்தே (தோட்டாக்களை அடுக்கிச் செருகும் பெட்டி) தொடங்கும் என்பதால், ஒவ்வொரு மேகசினுக்கும் எண்ணிட்டுத் தடங்கல்களைத் தனித்தனியே குறித்துவருகிறேன்.