பாரிஸ் ஐலண்ட் முகாமும் முஸ்லிம் பயிற்சி வீரர்களும்

கேள்வி:
அமெரிக்க மரைன் படையின் பாரிஸ் ஐலண்ட் முகாமில், 2016 மார்ச் மாதம், சேர்ந்து இரண்டு வாரங்கூட நிறையாத 20 வயது முஸ்லிம் இளைஞர் ஒருவர் மூன்றாம் மாடியிலிருந்து விழுந்து இறந்தார். அவருடைய பயிற்றுநர் தண்டிக்கப்பட்டது மரணத்திற்காகவா, மதப் பாகுபாட்டிற்காகவா?

மறுமொழி 1:
மரணத்திற்காக அன்று. தொண்டை வலியால் பேச முடியாமலிருந்த அந்த இளைஞரை ஓடவிட்டுக் கன்னத்தில் அறைந்தது உள்ளிட்ட கொடுமைகளுக்காகவே ஜோசப் ஃபீலிக்ஸ் என்ற அப்பயிற்றுநருக்கு 2017 நவம்பரில் இராணுவ நீதிமன்றம் 10 ஆண்டுச் சிறை விதித்தது. 2015இலேயே இதே ஃபீலிக்ஸ், வேறொரு முஸ்லிம் பயிற்சி வீரரைச் சலவைக்கூடத்தின் துணி உலர்த்தும் இயந்திரத்துக்குள் ஏறச்செய்து, அதை ஓடவிட்டு, அவருடைய மதத்தைப் பற்றிக் கேள்வி கேட்ட சம்பவம் நடந்திருந்தது. அது குறித்த விசாரணை முடியுமுன்பே ஃபீலிக்ஸிடம் புதிய அணியை ஒப்படைத்தார்களே, என்னைக் கேட்டால் அதுதான் பெரிய குற்றம்.

மறுமொழி 2:
மேலதிகாரியான பட்டாலியன் தளபதியும் பின்னர்க் குற்றத்தை ஒப்புக்கொண்டார். மரணம் தற்கொலையே என்ற விசாரணை முடிவை ஏற்காத, இறந்த இளைஞரின் குடும்பத்தினர் 10 கோடி டாலர் இழப்பீடு கோரித் தொடுத்த வழக்கோ தள்ளுபடியானது. பணி தொடர்பான பாதிப்புக்குப் படையினர் அரசின்மீது இழப்பீட்டு வழக்குத் தொடுக்க முடியாது என்று 1950இல் உச்ச நீதிமன்றம் வகுத்த ‘ஃபெரஸ்’ கோட்பாடே குறுக்கே நின்றது.

கேள்வி கேட்டவர்:
நன்றி. பயிற்சிக் காலத்தில் இருப்பவருக்கும் அந்தக் கோட்பாடு பொருந்தும் என்பதை இப்போதுதான் அறிகிறேன்.