ஐடிஐ வெல்டர், ஃபிட்டருக்கு ஆர்மியில் என்ன வழி?

ராணிப்பேட்டை பையன்:
வணக்கம். ஐடிஐ வெல்டர் முடித்துவிட்டு ஒரு ஃபேப்ரிகேஷன் ஷாப்பில் இருக்கிறேன். வயது 19, பத்தாவதில் 61 சதவீதம். ஆர்மிக்குப் போக ஆசை, ஆனால் கைத்தொழில் விட்டுப்போகக் கூடாது. அக்னிவீர் (நான்கு வருட ராணுவப் பணி) டெக்னிக்கல் போடலாமா, டிரேட்ஸ்மேனா? ரூம்மேட் ஃபிட்டர் முடித்தவன். அவனுக்கும் சேர்த்துச் சொல்லுங்கள்.

பழைய இஎம்இ ஹவில்தார்:
தம்பி, டிரேட்ஸ்மேனை விட்டுவிடு. அதில் எடுப்பது சமையல், சலவை, முடிவெட்டு மாதிரி வேலைகளுக்கு. டெக்னிக்கலுக்குப் பத்தாவதோடு வருபவனிடம் இரண்டு வருட ஐடிஐ கேட்கிறார்கள். வெல்டர் ஒரு வருடம்தானே, உனக்கு ஆகாது. ஃபிட்டர் இரண்டு வருடம், பட்டியலிலும் இருக்கிறது. ரூம்மேட் தாராளமாகப் போடட்டும். நீ ஜெனரல் டியூட்டி போடலாம், ஆனால் அங்கே துப்பாக்கிதான், வெல்டிங் ஹோல்டர் கிடையாது.

ராணுவ வண்டி, கருவிகளை ரிப்பேர் செய்யும் இஎம்இ பிரிவு கிடைத்தாலும் முதலில் பரேடு, உடற்பயிற்சி, ரைஃபிள். ஒர்க்‌ஷாப் பக்கம் அப்புறம்தான். டாங்க் என்றதும் கவசத்தகடு வெல்டிங் என்று கனவு காணாதே. யூனிட்டில் எங்களிடம் வந்ததெல்லாம் கிழிந்த மட்கார்ட், உடைந்த பிராக்கெட், லாரி பாடி. பெரிய ரிப்பேர் பேஸ் ஒர்க்‌ஷாப்புக்குப் போய்விடும். பூனாவில் இருப்பது 512-ஆம் எண், பெங்களூரில் 515-ஆம் எண். அங்கே கை வைப்பவர்களில் பெரும்பாலோர் சிவிலியன்கள்.

அக்னிவீராக நான்கு வருடம் முடிந்ததும் அதிகபட்சம் 25 சதவீதம் பேரைத்தான் வைத்துக்கொள்வார்கள். மற்றவர்களுக்கு சுமார் 11.71 லட்சம், அதில் பாதி அவன் சம்பளத்தில் பிடித்ததுதான். பென்ஷன் இல்லை. இதை வீட்டில் சொல்லிவிட்டுப் போ.

ஆவடிக்காரன்:
ஹவில்தார் சார் சொன்னது சரி. வெல்டருக்கு எங்கள் ஊர் எச்விஎஃப் டாங்க் தொழிற்சாலைதான் தோது. அர்ஜுன், டி-90 டாங்க் எல்லாம் இங்கேதான். கவசத்தகட்டில் வெல்டிங் ராடை ஓவனில் சுட்டு ஈரம் போக்காமல் தொடக் கூடாது. ஹைட்ரஜன் புகுந்தால் முடித்த மறுநாள்கூட விரிசல் விடும். ஆனால் 2021 அக்டோபரில் அது ஏவிஎன்எல் என்ற அரசு கம்பெனியின் கீழ் வந்த பிறகு நிலைமை வேறு. 2025-ல் ஜூனியர் டெக்னீஷியனையே ஒப்பந்தத்தில்தான் எடுத்தார்கள்.

ராணிப்பேட்டை பையன்:
நன்றி அண்ணா. நேவியில் ஏதாவது உண்டா?

பழைய இஎம்இ ஹவில்தார்:
யூனிஃபார்ம் இல்லாமல் பரவாயில்லை என்றால் விசாகப்பட்டினம் நேவல் டாக்யார்ட் அப்ரன்டிஸ் பார். வெல்டர், பைப் ஃபிட்டர், ஷீட் மெட்டல் எல்லாம் எடுப்பார்கள். ஐடிஐ-யில் 65 சதவீதம் கேட்பார்கள், எழுத்துத் தேர்வும் உண்டு. வேலை உத்தரவாதம் கிடையாது, ஆனால் கப்பல் வேலை பழகியவனை ஷிப்யார்டுகளில் மதிப்பார்கள். என்னைக் கேட்டால் உனக்கு இதுதான்.

ஃபிட்டரை இன்றைக்கே ஓட ஆரம்பிக்கச் சொல். இப்போது ஆன்லைன் தேர்வு முதலில், ராலி, அதாவது மைதானத்தில் ஓட்டமும் உடல் தகுதித் தேர்வும், பிறகு. 1.6 கிலோமீட்டரை ஐந்தரை நிமிடத்துக்குள் முடித்தால் முழு மார்க். பரீட்சை பாஸான பிறகு ஓடிப் பழகலாம் என்று உட்கார்ந்தால் கிரவுண்டில் மூச்சு வாங்கும்.