புதுப்பிப்பு: மகளுக்கு யுகுலேலே வாங்கியாச்சு

குன்னூரில் ஒன்பது வயது மகளுக்கு யுகுலேலேயா (குட்டி கிட்டார் மாதிரி வாத்தியம்), மாண்டலினா என்று போன மாதம் கேட்டிருந்தேன். யுகுலேலேதான் வாங்கினோம், 23 அங்குல கான்செர்ட் அளவு. மாண்டலினில் இரட்டை இரட்டையாக எட்டு இரும்புக் கம்பி. கடையில் அழுத்திப் பார்த்ததுமே அவள் விரல் நுனி சிவந்துவிட்டது. யுகுலேலேயில் நான்கே நைலான் தந்தி. சி கார்டுக்கு (chord, சேர்ந்து ஒலிக்கும் சுரங்கள்) ஒரு விரல் போதும், அன்று மாலையே பிடித்துவிட்டாள்! எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

முதல் இரண்டு வாரம் சுருதி நிற்கவே இல்லை. குளிரால் என்று நினைத்தேன். புது நைலான் இழுபட்டு அடங்க நாள் எடுக்கும், அவ்வளவுதான். அப்புறம், மழைக்காலத்தில் ஈரச்சுவரில் மாட்டாதீர்கள், மரம் உப்பும். உறைக்குள் ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்டிருக்கிறேன்.

கர்நாடக இசைதான் படிக்க வேண்டும் என்றால் என் பதில் வேறு: மாண்டலின் மேதை யு. ஸ்ரீநிவாஸ் வாசித்ததுபோல ஐந்து ஒற்றைத் தந்தி எலெக்ட்ரிக் மாண்டலின்.