வெறும் படச்சட்டங்களின் முன்னால்: ஹெர்மிடேஜில் வழிகாட்டியோடு நடந்த அனுபவங்கள்

அப்பாவுக்கு இரண்டு கண்களிலும் கிளாக்கோமா. ஓரப் பார்வை போய் ஆறேழு வருடமாகிறது. நேர் எதிரே இருப்பது மட்டும் குழாய் வழியாகப் பார்ப்பதுபோல் தெரியும், அதுவும் நல்ல வெளிச்சம் இருந்தால். அப்படிப்பட்டவரையா ஓவியம் பார்க்கக் கூட்டிப் போகிறாய் என்று வீட்டில் கேட்காதவர் இல்லை. ஆனால் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் போக வேண்டும் என்பது அவருடைய ஆசை. சோவியத் நாட்டிலிருந்து வந்த தமிழ்ப் புத்தகங்களைப் படித்து வளர்ந்த தலைமுறை. அங்கிருக்கும் ஹெர்மிடேஜ் அருங்காட்சியகத்தின் பெயரை எனக்கு முதலில் சொன்னதே அவர்தான்.

நான் முன்பு ஒருமுறை தனியாகப் போயிருக்கிறேன். ஐந்து கட்டடங்கள் ஒன்றோடொன்று இணைந்தவை. மொத்தச் சேகரிப்பு முப்பது லட்சத்துக்கும் மேல். வரைபடத்தைக் கையில் வைத்துக்கொண்டு அலைந்து, நான்காவது மணி நேரத்தில் ஓவியத்தை விட்டுவிட்டு நாற்காலியைத் தேட ஆரம்பித்துவிட்டேன். அதனால் இந்த முறை மூன்று மணி நேரத்துக்குத் தனி வழிகாட்டி. (அருங்காட்சியகத்தின் அங்கீகாரம் பெற்றவர்தானா என்று கேட்டுவிட்டுப் பணம் கட்டுங்கள்.)

அப்பாவின் கண்ணைப் பற்றி முன்கூட்டியே எழுதியிருந்தேன். வழிகாட்டி அம்மாளிடமிருந்து ஒரே ஒரு கேள்விதான் பதிலாக வந்தது: உங்கள் அப்பா என்ன வேலை பார்த்தார்? அச்சுக்கூடத்தில் எழுத்துக் கோத்தவர், முப்பது வருடம், என்று எழுதினேன்.

மறுநாள் காலை அவர் எங்களை நுழைவாயிலுக்கே அழைத்துப் போகவில்லை. மில்லியோன்னயா தெருப் பக்கம் கூட்டிப் போனார். அங்கே புதிய ஹெர்மிடேஜ் என்ற கட்டடத்தின் முகப்பைப் பத்து கருங்கல் மனிதர்கள் தோளில் தாங்கி நிற்கிறார்கள், ஒவ்வொருவரும் சுமார் ஐந்து மீட்டர். அவர்களின் கால் பெருவிரலைத் தொட்டால் நல்லது நடக்கும் என்று ஊரில் ஒரு நம்பிக்கை. ஆயிரமாயிரம் கை பட்டு விரல் வழவழவென்றிருக்கிறது. "உள்ளே எதையும் தொட முடியாது, இங்கே தொட்டுக்கொள்ளுங்கள்" என்றார். அப்பா குளிர்ந்த கல்லில் நகத்தின் விளிம்பு, கணுக்கால், புடைத்த நரம்பு என்று ஒவ்வொன்றாகத் தடவிக்கொண்டு வெகுநேரம் நின்றார். அதற்குள்ளேயே கால் மணி நேரம் போய்விட்டது. வழிகாட்டி கடிகாரத்தைப் பார்க்கவே இல்லை.

உள்ளே ஜோர்டான் படிக்கட்டு. வருடத்துக்கு ஒருமுறை இந்தப் படிகளில் இறங்கித்தான் அரச குடும்பம் நேவா நதிக்குப் போகும். உறைந்த பனியை வெட்டி, அந்த நீரைப் புனிதப்படுத்தும் சடங்கு. இயேசு ஞானஸ்நானம் பெற்ற ஜோர்டான் நதியின் பெயர் அதனால் வந்தது. ஜன்னல் வெளிச்சமும் பளிங்கின் வெள்ளையும் சேர்ந்து அப்பாவுக்கு அங்கே கொஞ்சம் தெளிவாகவே தெரிந்தது. "வெள்ளையாக இருக்கிறது, எல்லாம் வெள்ளை" என்றார்.

அப்புறம் 1812 போர்க் கூடம். நெப்போலியனை எதிர்த்துப் போரிட்ட தளபதிகளின் உருவப்படங்கள், மொத்தம் 332, சுவர் முழுக்க வரிசை வரிசையாக. அப்பா ஒவ்வொன்றாக முகத்தைக் கிட்டே கொண்டுபோய்ப் பார்த்தார். ஓரிடத்தில் நின்று மெதுவாக என்னிடம் கேட்டார்: "இங்கே ஒன்றும் தெரியவில்லையே, என் கண்தான் காரணமா?"

வழிகாட்டிக்கு நான் மொழிபெயர்த்தேன். அவர் அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டார். "இல்லை ஐயா, அங்கே எங்களுக்கும் ஒன்றும் தெரியாது. வெறும் பச்சைத் துணி, கீழே பெயர் மட்டும். படம் வரைவதற்குள் இறந்துபோனவர்கள், முகம் கிடைக்காதவர்கள். இப்படிப் பதின்மூன்று இருக்கிறது."

அங்கே நின்றபடியே அவர் 1942 பற்றிச் சொன்னார். முந்தைய ஆண்டு ஜூலையில் இரண்டு ரயில்களில் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட பொருள்கள் யூரல் மலைப் பக்கம் ஸ்வெர்திலோவ்ஸ்க் நகரத்துக்குப் போய்விட்டன. மூன்றாவது ரயில் கிளம்புவதற்குள், செப்டம்பர் 8 அன்று, நகரத்தைச் சுற்றி ஜெர்மன் படையின் முற்றுகை வளையம் மூடிக்கொண்டது. ஓவியங்கள் திரும்பி வரும்போது அதே இடத்தில் மாட்ட வேண்டும் என்று சட்டங்களை மட்டும் சுவரிலேயே விட்டுவைத்திருந்தார்கள். பட்டினியில் செத்துக்கொண்டிருந்த ஊர். வசந்தத்தில் சில இராணுவ வீரர்கள் வந்து கூடங்களைச் சுத்தம் செய்ய உதவினார்கள். அவர்களுக்கு நன்றி சொல்ல, அருங்காட்சியக ஊழியர் பாவெல் குப்சேவ்ஸ்கி ஒரு சுற்று அழைத்துப் போனார். ஒவ்வொரு வெற்றுச் சட்டத்தின் முன்னாலும் நிறுத்தி, இங்கே இந்த ஓவியம், இந்த மூலையில் இது, ஒளி இந்தப் பக்கத்திலிருந்து விழுகிறது என்று முழுக்க நினைவிலிருந்தே விவரித்தாராம்.

அப்பா எதுவும் பேசவில்லை. நாங்கள் ரெம்பிராண்ட் அறையை நோக்கி நடந்தோம். மீதியை நாளை எழுதுகிறேன், கை வலிக்கிறது. உங்களுக்கு எப்படிப்பட்ட வழிகாட்டி அமைந்தார் என்று சொல்லுங்களேன்.

* * *

படித்துவிட்டுச் சற்று நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன். என் கதை வேறு மாதிரி.

தனிச் சுற்று என்று சொல்லிப் பணம் வாங்கிய ஒரு பயண முகவர் எங்களை இருபது பேர் கூட்டத்தில் சேர்த்துவிட்டார். காதில் ஒலிக்கருவி, முன்னால் ஒரு சிவப்புக் குடை, அதைத் தொடர்ந்து ஓட்டம். மயில் கடிகாரத்தை நான் பார்த்தது யாரோ ஒருவருடைய கைப்பேசித் திரையில். கோபமும் அழுகையும் சேர்ந்து வந்தது. மறுநாள் நாங்களே ஒருவரைத் தேடிப் பிடித்தோம், இளைஞர்.

அவர் மயிலிடம் திரும்பக் கூட்டிப் போனார். லண்டன் கைவினைஞர் ஜேம்ஸ் காக்ஸின் பட்டறையில் செய்த பொம்மை அது. எல்லோரும் மயிலையே பார்ப்பார்கள். மணி எங்கே காட்டுகிறது என்று கேட்டார். தெரியவில்லை. மரத்தடியில் ஒரு காளான் இருக்கிறது, அதன் குடைக்குள் எண்கள். மேலே உட்கார்ந்திருக்கும் தும்பிதான் நொடி முள். தனியாகப் போயிருந்தால் இதைச் சத்தியமாகப் பார்த்திருக்க மாட்டேன்.

ஆனால் நான் சொல்ல வந்தது வைர அறைகளைப் பற்றி. அதற்குச் சீட்டு தனி. வழிகாட்டியோடு குழுவாகத்தான் உள்ளே விடுவார்கள். போகாமல் வந்துவிடாதீர்கள். பாரசீக மன்னன் நாதிர் ஷா 1739-ல் டெல்லியைக் கொள்ளையடித்தது பள்ளியில் படித்ததுதான். அந்தக் கொள்ளையில் ஒரு பங்கு இங்கே வந்து சேர்ந்திருக்கிறது! 1741-ல் அவன் அனுப்பிய தூதுக்குழு முகலாயர் நகைகளையும், மாணிக்கமும் மரகதமும் பதித்த தங்கக் கலங்களையும், கூடவே பதினான்கு யானைகளையும் இந்தக் குளிர் தேசத்துக்குக் கொண்டு வந்ததாம். ஷாஜகானின் பட்டப்பெயர் பொறித்த ஒரு வில்லாளி மோதிரம், கட்டைவிரலில் போடுவது, கண்ணாடிக்குள் இருக்கிறது. எங்கள் வழிகாட்டி அதைப் பொதுவாகப் பாரசீகப் பரிசு என்றுதான் சொல்லிக்கொண்டு போனார். நான் நிறுத்தி, இது எங்கள் ஊரிலிருந்து பறித்தது என்றேன். அவர் ஒரு கணம் யோசித்துவிட்டு, ஆமாம், அப்படித்தான் சொல்ல வேண்டும் என்றார். அந்த நேர்மை எனக்குப் பிடித்தது.

* * *

சுருக்கமாகச் சில. திங்கட்கிழமை விடுமுறை. பெரும்பாலான வெளிநாட்டு வங்கி அட்டைகள் இப்போது ரஷ்யாவில் வேலை செய்யாது, ரொக்கம் வேண்டும். மேலங்கியையும் பெரிய பையையும் கீழேயே ஒப்படைத்துவிட வேண்டும்.

மத்தீஸின் 'நடனம்' ஓவியத்துக்காகவே வருபவர்கள் கவனிக்க: அது பிரதான கட்டடமான குளிர்கால அரண்மனையில் இல்லை, சதுக்கத்தின் எதிர்ப்புறம் பொதுப் படைத்தலைமைக் கட்டடத்தில் இருக்கிறது. வழிகாட்டியிடம் முதலிலேயே சொல்லாவிட்டால் மூன்று மணி நேரத்தில் அங்கே போய்ச் சேர முடியாது. எனக்கு அப்படித்தான் தவறிப்போனது, இன்னும் ஆறவில்லை.

* * *

வழிகாட்டிகளைப் பற்றி மட்டும் பேசுகிறோம். ஒவ்வொரு கூடத்தின் மூலையிலும் நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் வயதான பெண்களைக் கவனித்தீர்களா?

ரெம்பிராண்டின் 'டானயே' முன்னால் நின்றிருந்தேன். 1985 ஜூன் 15 அன்று ஒருவன் கத்தியால் குத்தி அமிலத்தை ஊற்றிய ஓவியம். சீர்செய்யப் பன்னிரண்டு ஆண்டு பிடித்து, 1997-ல்தான் திரும்ப மாட்டினார்கள். என் வழிகாட்டி இதைச் சொல்லிக்கொண்டிருந்தபோது மூலையிலிருந்த பாட்டி எழுந்து வந்தார். ரஷ்ய மொழியில் ஏதோ சொல்லி, என் முழங்கையைப் பிடித்து இரண்டடி இடப்பக்கம் நகர்த்தினார். அவ்வளவுதான். கண்ணாடியில் விழுந்த ஜன்னல் ஒளி விலகியது. ஓவியத்துப் பெண்ணின் உயர்த்திய கை அப்போதுதான் முழுசாகத் தெரிந்தது. பாட்டி திரும்பிப் போய் உட்கார்ந்துகொண்டார்.

சரி, முதல் பதிவு எழுதியவரே, அப்பா ரெம்பிராண்ட் அறைக்குப் போய்ச் சேர்ந்தாரா?

* * *

போய்ச் சேர்ந்தோம். 'ஊதாரி மகனின் திரும்பல்', இரண்டரை மீட்டருக்கும் மேல் உயரம், 1766 முதல் ஹெர்மிடேஜ் சேகரிப்பில் இருக்கிறது. சொத்தையெல்லாம் அழித்துவிட்டுத் தகப்பனிடம் திரும்பும் மகன், பைபிள் கதை. ஆனால் இருட்டான ஓவியம். அப்பாவுக்கு நடுவில் ஒரு மங்கலான செம்மை தவிர ஒன்றும் பிடிபடவில்லை.

அந்த அம்மாள் ஓவியத்துக்கு முதுகைக் காட்டி, அப்பாவின் பக்கம் திரும்பி நின்றுகொண்டார். பாதத்திலிருந்து ஆரம்பித்தார். மண்டியிட்டிருக்கும் மகனின் ஒரு கால் செருப்பிலிருந்து நழுவி வெளியே கிடக்கிறது, உள்ளங்கால் நம்மைப் பார்த்தபடி. மறு காலில் செருப்பு கிழிந்து தொங்குகிறது. உடை கந்தல், இடுப்பில் ஒரு சிறு கத்தி மட்டும் மிச்சம். மொட்டைத் தலை, தகப்பனின் மார்பில் சாய்ந்திருக்கிறது. பிறகு முதுகின் மேல் இரண்டு கைகள். ஒன்று அகலமானது, விரல்களை விரித்து அழுத்திப் பிடித்திருக்கிறது. மற்றது மெலிந்தது, சும்மா வைத்திருக்கிறது. ஒரே மனிதரின் கைகள், ஒன்றைப் போல் ஒன்று இல்லை.

"கண்?" என்று கேட்டார் அப்பா.

"தாழ்ந்திருக்கிறது. பார்வை மங்கிப்போன கிழவர் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. மகனைக் கையால்தான் தெரிந்துகொள்கிறார்."

அங்கேயே நாற்பது நிமிடம் நின்றோம். லியனார்டோவின் இரண்டு மடோன்னாக்களும் அதே மாடியில்தான் இருந்தன. போகவில்லை. அப்பா போக விரும்பவில்லை.

அன்று இரவு விடுதியில் அம்மாவிடம் தொலைபேசியில் பேசினார். என்ன பார்த்தீர்கள் என்று அம்மா கேட்டிருக்க வேண்டும். கட்டிலில் நிமிர்ந்து உட்கார்ந்து, இடது கையை எழுத்துக் கோக்கும் ஸ்டிக்கைப் பிடிப்பதுபோல் வைத்துக்கொண்டு, பாதத்தில் ஆரம்பித்தார். நழுவிய கால், கிழிந்த செருப்பு, கந்தல், கத்தி, மொட்டைத் தலை. ஒன்றும் விடுபடவில்லை, வரிசையும் மாறவில்லை. கைகளுக்கு வந்தபோது சற்று நிறுத்தினார். "ஒரு கை என்னுடையது மாதிரி. இன்னொன்று உன்னுடையது" என்றார்.