புதுப்பிப்பு: துப்பும் பையன் விஷயம்

தக்கலையில் நான் வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளும் மூன்று வயதுப் பையன், கோபம் வந்தால் மற்ற பிள்ளைகள்மேல் துப்புகிறான் என்று முன்பு எழுதியிருந்தேன். முந்திரி ஆலை வேலை முடிந்து வந்த அவன் அம்மாவிடம் தனியாகப் பேசினேன். (பையன் காதில் விழுந்தால் அதுவே அவனுக்குப் பெருமை!)

"வீட்டுல துப்பினா பாட்டா சிரிக்காரு அக்கா" என்றார். சரி, காரணம் கிடைத்தது: பாட்டாவின், அதாவது தாத்தாவின், சிரிப்பு.

இப்போது இரண்டு வீட்டிலும் ஒரே பேச்சு: "துப்பக் கூடாது மக்ளே. பிடிக்கலன்னா வேண்டாம்னு சொல்லு." அதட்டுவதில்லை; அந்தக் கவனத்துக்காகவே மறுபடி செய்வான். துணியைக் கொடுத்து அவனையே துடைக்கச் சொல்கிறோம். இந்த வயதில் கோபத்தைச் சொல்ல வார்த்தை போதாது, அதைத்தான் நாம் கொடுக்க வேண்டும்.

துப்புவது குறைந்திருக்கிறது. பதிலுக்கு 'வேண்டாம்' என்று தெருவே கேட்கக் கத்துகிறான். பாட்டாவை வழிக்குக் கொண்டுவருவதுதான் இன்னும் பாடு.