மூன்று மாதத்துக்கு யார் அறை தருவார்?

பதுளையிலிருந்து:

"ஆதார் கார்டு இருக்காம்மா?"

குன்னூரில் அறை தேடி நான் ஏறி இறங்கிய ஐந்து வீட்டிலும் தவறாமல் வந்த கேள்வி இதுதான். இல்லை, இலங்கைப் பாஸ்போர்ட் இருக்கிறது என்பேன். அதுவரை "தேனிப் பக்கமா, திருச்சிப் பக்கமா" என்று ஆசையாக விசாரித்துக்கொண்டிருந்த வீட்டுக்கார அம்மாவின் முகம், பாஸ்போர்ட் அட்டையைப் பார்த்ததும் ஒரு மாதிரி ஆகிவிடும். "வீட்ல கேட்டுட்டு சொல்றேன்" என்பார். ஒரு வீட்டில் அந்த அம்மாவையும் பூனையையும் தவிர வேறு யாருமே இல்லை. யாரைக் கேட்பாரோ தெரியாது.

நான் ஊவா வெல்லஸ்ஸ பல்கலைக்கழகத்தில் தேயிலைத் தொழில்நுட்பம் படித்தவள். கடைசி வருடத்தில் நீலகிரியில் ஒரு தேயிலைத் தொழிற்சாலையில் பத்து வாரம் இன்டர்ன்ஷிப் கிடைத்தது. அந்த இடம் கிடைத்ததற்கு இரண்டு ஈமெயில்தான் செலவு. போர்டிங் தேடித்தான் நாக்குத் தள்ளியது.

காரணம் அங்கே போன பிறகுதான் விளங்கியது. இந்தியாவில் வெளிநாட்டுக்காரர் ஒருவரைத் தங்கவைத்தால், அது லொட்ஜோ ஹொஸ்டலோ சொந்த வீடோ, 24 மணி நேரத்துக்குள் 'சி படிவம்' என்று அழைக்கப்பட்டு வந்த ஒன்றை ஒன்லைனில் நிரப்பி அனுப்ப வேண்டும். நிரப்புவது கஷ்டமில்லை. ஆனால் இலங்கை, படிவம், பொலிஸ் என்ற மூன்று சொல்லும் சேர்ந்து காதில் விழுந்தால் அங்குள்ள வீட்டுக்காரருக்குப் பழைய ஞாபகங்கள் வந்துவிடுகின்றன. அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. "சிலோன்னா யாழ்ப்பாணமா?" என்று கேட்ட ஒவ்வொருவருக்கும் தேயிலைத் தோட்டத்து மலையகம் என்றால் என்ன என்று முதலிலிருந்து சொல்லிச் சொல்லி வாய் வலித்ததுதான் மிச்சம்.

"சொந்தக்காரர் இருப்பாங்களே?" என்று கேட்பீர்கள். இருக்கிறார்கள். எங்கள் அம்மாயியின் தங்கச்சி குடும்பம் மலையகத் தமிழரில் ஒரு பகுதியினரை இந்தியாவுக்கு அனுப்பிய 1964 சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி அக்கரைக்குப் போனது. இங்கிருந்து போனவர்களுக்காகவே 1968இல் தமிழ்நாடு அரசு தொடங்கிய தேயிலைத் தோட்டத்தில்தான் (இன்றைய டான்டீ) அவர்களுக்கு வேலை. கோத்தகிரிப் பக்கம் தேடிப் போனேன். சின்ன அம்மாயி என் முகத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, "கோயில் பக்கத்து பெரிய ஆலமரம் இன்னும் நிக்குதாடி?" என்று கேட்டு அழுதது. அது வெட்டி இருபது வருடம். நிற்கிறது என்று சொல்லிவிட்டேன்.

ஆனால் தங்குவது? ஒரு காம்பரா, ஒரு குசினி, ஐந்து பேர். நம் தோட்டத்து லயம் வீடு போலத்தான். அதோடு படிவம் என்றதும் மாமா பயந்துவிட்டார். "எங்களுக்கே பேப்பர் சரியாக எத்தனை வருஷம் ஆச்சு, இப்ப உன் பேரைச் சேர்த்து எழுதினா..." என்று இழுத்தார். ஞாயிறு சாப்பாட்டுக்கு மட்டும் போய் வருவது என்று முடிவாகியது.

கடைசியில் கன்னியாஸ்திரிகள் நடத்தும் பெண்கள் ஹொஸ்டல் ஒன்று கைகொடுத்தது. முன்பே வெளிநாட்டுப் பிள்ளைகளை வைத்திருந்த இடம் அது. வார்டன் சிஸ்டர் பாஸ்போர்ட்டையும் விசாப் பக்கத்தையும் போனில் படம் எடுத்தார், தொழிற்சாலைக் கடிதத்தை வாங்கினார், பத்து நிமிடத்தில் வேலை முடிந்தது. மூன்று வேளைச் சாப்பாட்டோடு மாதம் 6,500 இந்திய ரூபா. இப்போது யார் கேட்டாலும் நான் சொல்வது: வாடகை எவ்வளவு என்று கேட்பதற்கு முன், "இதுக்கு முன்ன சி படிவம் போட்டிருக்கீங்களா?" என்று கேளுங்கள். "அப்படின்னா?" என்றால் அடுத்த வீட்டுக்கு நடையைக் கட்டலாம்.

இன்னும் இரண்டு விஷயம். நுவரெலியாவில் ஏப்ரல் சீசன் மாதிரி அங்கே ஏப்ரல், மே. அந்த நேரத்தில் நாள் வாடகைக்கு அறை எடுத்தால் கை சுட்டுவிடும். அடுத்தது, டூரிஸ்ட் விசாவில் போய் இன்டர்ன்ஷிப் செய்யலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். இன்டர்ன்களுக்கென்றே விசா வகை இருக்கிறது. படிவத்தில் விசா விபரமும் கேட்பார்கள் என்பதால் தப்பான விசா முதலில் அங்கேதான் மாட்டும்.

ஒன்று சொல்ல மறந்துவிட்டேன். கடைசி வாரம் தொழிற்சாலை மனேஜர் தேநீர் குடித்துக்கொண்டே, "ட்ரெயினி ரூம் மேல சும்மாதானே கிடந்துச்சு, நீங்க கேட்கவே இல்லையே?" என்றார். வாய் திறந்து கேட்க வெட்கப்பட்டதற்குக் கூலி, பத்து வார வாடகை.

நீங்கள் போன இடங்களில் எப்படி?


ஹட்டனிலிருந்து:

அக்கா, உங்களுக்காவது அறை தர மறுத்தார்கள். எனக்குத் தந்தார்கள், அதுதான் பிரச்சினை.

2023இல் சிங்கப்பூரில் ஒரு சொஃப்ட்வெயார் கொம்பனியில் 12 வாரம். அங்கே பெரும்பாலான ஆட்கள் அரசாங்க அடுக்குமாடி வீடுகளில்தான் இருக்கிறார்கள், எச்டிபி என்பார்கள். அதில் ஓர் அறை மாதம் 900 சிங்கப்பூர் டொலருக்கு பேஸ்புக்கில் கிடைத்தது. தமிழ்க் குடும்பம், கீழேயே சாப்பாட்டுக் கடைகள், ரயிலுக்கு ஆறு நிமிட நடை. ஒரு மாத வாடகையும் ஒரு மாத டெபாசிட்டும் இங்கிருந்தே அனுப்பினேன். ஒரு மாதத்து 900 டொலரே அன்று நம் காசில் இரண்டு இலட்சத்துக்கு மேல். அப்போது அம்மாவின் நாள் சம்பளம் ஆயிரம் ரூபா. மிச்சத்தை நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள், நான் போட்டுப் போட்டுத் தூக்கம் கெட்டதுதான் கண்டது.

போய் இறங்கிய அன்று வீட்டுக்கார அண்ணன் சாவியைக் கொடுத்துவிட்டு, "யாராவது வந்து கேட்டா எங்க சொந்தக்காரப் பையன், விருந்துக்கு வந்திருக்கேன்னு சொல்லிடு" என்றார். அப்போதே பொறி தட்டியிருக்க வேண்டும். ஆபீசில் கூட இருந்த பையனிடம் சொன்னபோதுதான் அவன் தலையில் கைவைத்தான். எச்டிபி வீட்டை ஒருவருக்கு வாடகைக்கு விட்டால் குறைந்தது ஆறு மாதம். தனியார் வீடு, கொண்டோ (தனியார் அடுக்குமாடி) என்றால் மூன்று மாதம். அதற்குக் கீழே சட்டப்படி முடியாது. அதிகாரிகள் வந்து பார்ப்பதும் உண்டு.

அப்புறம் ஒவ்வொரு தடவை காலிங் பெல் அடிக்கும்போதும் வயிற்றைக் கலக்கும். இரண்டு வாரத்தில் வெளியேறினேன். டெபாசிட்டில் பாதி வந்தது. மீதிக்குச் சண்டை போடவும் வழியில்லை, என் கையில் ஒப்பந்தம் என்று ஒரு துண்டுக் காகிதம்கூட இல்லையே.

பிறகு மூன்று பேர் சேர்ந்து இருந்த கொண்டோவில் ஓர் அறை. 12 வாரம் என்பது மூன்று மாதத்துக்குச் சில நாள் குறைவு என்பதை அங்கேதான் கவனித்தேன்! நான் வந்தே இரண்டு வாரம் ஆகிவிட்டது, இருந்தும் மூன்று மாதத்துக்குக் கையெழுத்துப் போட்டு, இல்லாத நாளுக்கும் சேர்த்துக் கட்டினேன். ஒப்பந்தத்துக்கு முத்திரை வரி கட்டிய சான்றையும் கையில் தந்தார்கள். அதைக் கேட்டு வாங்குங்கள். தர முடியாது என்பவரின் அறையில் ஏதோ இருக்கிறது.

விளம்பரத்தில் 'லைட் குக்கிங்' என்று போட்டிருந்தது. நூடுல்ஸ் அவிக்கலாம், முட்டை அவிக்கலாம், தாளிக்கக் கூடாது என்று அர்த்தமாம். தாளிக்காமல் நான் என்னத்தைச் சமைப்பது? மூன்று மாதமும் தேக்கா மார்க்கெட் சாப்பாட்டுக் கடைதான். ஊருக்கு வந்ததும் முதலில் கேட்டது தேங்காய் ரொட்டியும் கட்டசம்பலும்.


நுவரெலியாவிலிருந்து:

தம்பி, ஒரு சந்தேகம். ஏர்பிஎன்பி என்ற வாடகை ஆப்பில் மாதக் கணக்குக்கு விலை குறைத்துப் போடுகிறார்களே, அது சரிதானே?


ஹட்டனிலிருந்து:

சிங்கப்பூரில் என்றால் அதே மூன்று மாதச் சட்டம்தான் அண்ணா. எந்த ஆப்பில் போட்டாலும் வீடு வீடுதான். மற்ற நாடு எனக்குத் தெரியாது.


கொட்டகலையிலிருந்து:

நான் பேராதனையில் பொறியியல். 2023 மே முதல் ஐந்து மாதம் ஜெர்மனி, டோர்ட்முண்ட்.

அறை தேட அங்கே எல்லாரும் போவது வேகே-கெசூக்ட் என்ற தளத்துக்கு. முதல் வாரமே ஒரு அழகான அறை, நம்ப முடியாத விலை. வீட்டுக்காரர் தான் வேலையாக லண்டனில் இருப்பதாகவும், டெபாசிட் வந்ததும் சாவியைக் கூரியரில் அனுப்புவதாகவும் எழுதினார். தன் பாஸ்போர்ட் படத்தைக்கூட அனுப்பினார். அடகு வைத்த காசு பாங்கில் தயாராக இருந்தது. சித்தப்பா தோட்டத்தில் கணக்கப்பிள்ளை. ஆங்கிலம் அவ்வளவு வராது, மின்னஞ்சலை நான் வாசித்துச் சொன்னேன். "அந்த ஊர்ல அவருக்குத் தெரிஞ்ச ஒரு ஆள்கூட இல்லியா, கதவைத் திறந்து காட்ட?" என்று மட்டும் கேட்டார். அதையே எழுதிக் கேட்டேன். பதில் வரவில்லை. இரண்டு நாளில் விளம்பரமும் இல்லை.

பிறகு விசாரித்ததில், ஹாம் நகரத்துக் காமாட்சி அம்மன் கோயிலுக்குப் போகும் ஒரு யாழ்ப்பாணக் குடும்பத்தின் தொடர்பு கிடைத்தது. கோபுரத்தோடு கூடிய பெரிய கோயில், 2002இல் கும்பாபிஷேகம் நடந்தது. அந்த அன்ரி போனிலேயே "வாங்கோ பிள்ளை, ஒரு அறை சும்மா கிடக்கு" என்றார். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. ஆனால் அங்கே குடியேறி இரண்டு வாரத்துக்குள் நகர அலுவலகத்தில் விலாசம் பதிய வேண்டும், அன்மெல்டுங் என்று பெயர். மூன்று மாதம் வரை தங்குகிறவர்களுக்கு விலக்கு உண்டு, எனக்கு ஐந்து மாதம். பதிய, வீடு கொடுத்தவர் கையெழுத்திட்ட கடிதம் வேண்டும். பதிந்தால்தான் வரி இலக்கம் வீட்டுக்கு வரும், சம்பளக் கணக்கும் ஒழுங்காகும். அன்ரி குடும்பமே வாடகைக்கு இருப்பவர்கள். சொந்தக்காரரின் சம்மதம் இல்லாமல் இன்னொருவருக்கு வாடகைக்கு விட முடியாது. அவரிடம் கேட்டுப் பார்த்தார்கள், முடியாது என்றுவிட்டார். அன்ரி மூன்று தடவை போன் எடுத்து மன்னிப்புக் கேட்டார், எனக்குத்தான் கூச்சமாகிவிட்டது.

கிடைத்தது ஸ்விஷன்மீட்டே. அங்கே மாணவர் ஒருவர் ஒரு செமஸ்டருக்கு வேறு நாட்டுக்குப் போனால், தன் அறையைக் கட்டில் மேசையோடு அந்தக் காலத்துக்கு மட்டும் விட்டுப் போவார். என் அறைக்காரப் பெண் ஸ்பெயினுக்குப் போயிருந்தாள். அவளுடைய வீட்டுத் தோழி வீடியோ கோலில் அறை, குசினி, குளியலறை என்று நடந்து நடந்து காட்டினாள். குறுகிய காலம் என்றால் இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது, ஏனென்றால் அவர்களுக்கும் குறுகிய காலத்துக்குத்தான் ஆள் வேண்டும். கெஞ்ச வேண்டியதில்லை.

வாடகை பார்க்கும்போது கால்ட்மீட்டே என்றால் வெறும் அறை. வார்ம்மீட்டே என்றால் ஹீட்டிங், தண்ணீர் சேர்ந்தது. 280 யூரோ என்று துள்ளினேன், வார்ம் 370. டெபாசிட் அதிகபட்சம் மூன்று கால்ட்மீட்டே, அதற்கு மேல் கேட்டால் சட்டப்படி தப்பு. என் அறை டோர்ட்முண்ட்டில் இல்லை, ஹாமில்தான். அந்த மே மாதம்தான் மாதத்துக்கு 49 யூரோ என்ற டிக்கெட் வந்தது, நாடு முழுக்க உள்ளூர் ரயில், பஸ் எல்லாவற்றுக்கும் செல்லும். அதனால் வேலை செய்யும் ஊரிலேயே அறை தேட வேண்டிய கட்டாயம் இல்லை. வெள்ளிக்கிழமை கோயில், அன்ரி வீட்டுப் புட்டு இரண்டும் கிடைத்தது உபரி.


மஸ்கெலியாவிலிருந்து:

நான் போகவில்லை. எனக்கும் சிங்கப்பூர்தான் வந்தது, சம்பளமில்லாத இடம். ஹட்டன் தம்பி போட்ட அதே கணக்கை நானும் போட்டேன். அப்பா தங்கச்சியின் தோட்டை அடகு வைக்கலாம் என்றார். வேண்டாம் என்று கொழும்பில் செய்தேன். வெள்ளவத்தையில் நான்கு பேர் ஓர் அறையில். அதில் வருத்தமில்லை, ஆனால் இங்கே எழுதுகிறவர்கள் எல்லாரும் போய் வந்தவர்களாக இருப்பதால் போகாத ஒருத்தியும் எழுதிவைக்கிறேன். கடிதம் வந்தவுடன் தங்குமிடம் தருவீர்களா என்று நானும் கேட்கவில்லை. பதுளை அக்காவின் மனேஜர் கதையை வாசித்ததிலிருந்து அதுதான் மண்டைக்குள் ஓடுகிறது.


பதுளையிலிருந்து:

மஸ்கெலியா தங்கச்சி, நான் கேட்காதது பத்து வாரத்துக்கு. உங்களுடையதைப் படித்து என்ன சொல்வதென்று தெரியவில்லை.

ஜனவரியில் எங்கள் கம்பஸ் பிள்ளைகள் இரண்டு பேர் குன்னூர் போகிறார்கள். இந்தத் தடவை ட்ரெயினி ரூம் பற்றி முதல் ஈமெயிலிலேயே எழுதவைத்தேன், பதில் இன்னும் வரவில்லை. வராவிட்டால் சிஸ்டரிடம் பேசிவைத்திருக்கிறேன். பிள்ளைகளே, இதை வாசித்தால், போர்வை இங்கிருந்தே கொண்டுபோங்கள். குன்னூரும் ஏறக்குறைய நுவரெலியா உயரம்தான், ஹொஸ்டலில் தரும் போர்வை கொசுவலை கனம்கூட இருக்காது.