ஹார்வன் சுடுமண் ஓடுகள்: படம் இருந்தால் கொடுங்கள்

வணக்கம். ஸ்ரீநகர் பக்கத்தில் ஹார்வனில் 1920களில் தொல்லியலாளர் ராம் சந்திர காக் அகழ்ந்தெடுத்த பௌத்தக் கோயில் முற்றத்துத் தள ஓடுகளைப் பற்றி எழுதிக்கொண்டிருக்கிறேன். எலும்பும் தோலுமாகக் குந்தியிருக்கும் துறவி, அவருக்கு மேலே மாடத்தில் சாய்ந்து பேசும் ஆணும் பெண்ணும், அடியில் அன்ன வரிசை. எல்லாம் ஈரக் களிமண்ணில் அச்சு வைத்து அழுத்தியவை. அந்தத் துறவியின் விலா எலும்புகளை எண்ணிவிடலாம், அவ்வளவு துல்லியம்!

எனக்கு வேண்டியது ஓடுகளில் பொறித்த கரோஷ்டி (வடமேற்கு இந்தியாவின் பழைய எழுத்துமுறை) எண்கள். எதை எங்கே பதிக்க வேண்டும் என்பதற்கான குறி அது. ஸ்ரீநகர் எஸ்.பி.எஸ். (ஸ்ரீ பிரதாப் சிங்) அருங்காட்சியகத்துக்கோ ஹார்வனுக்கோ போனவர்கள், எண் தெளிவாகத் தெரியும் படம் இருந்தால் தயவுசெய்து பகிருங்கள். அப்புறம், கரோஷ்டி வாசிக்கத் தெரிந்தவர்கள் யாராவது இருக்கிறீர்களா? படத்தை உங்கள் பெயரோடுதான் போடுவேன்.